ராஜபாளையம் டூ கிருஷ்ணன்கோவில்: 24 கி.மீ. போக எவ்வளவு நேரம் ஆகும்? மேப் காட்டுற நேரத்தை அப்படியே நம்பலாமா?

"எங்க இருக்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிட்டேன், இன்னும் 10 நிமிஷம்தான்!"

இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் மடவார்வளாகத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். இதில் பொய் சொல்லும் எண்ணம் குறைவு. பலருக்கும் உண்மையிலேயே 10 நிமிஷத்தில் போய்விடலாம் என்றுதான் தோன்றும். மனதில் ஓடும் கணக்கு ஒன்று, ரோட்டில் நடப்பது வேறொன்று.

நண்பர் காத்திருந்தால் பரவாயில்லை. ஆனால் நீட் தேர்வு மையத்தின் கேட் மதியம் 1.30 மணிக்கு மூடப்படும். ஸ்டேஷனில் ரயில் காத்திருக்காது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அங்கே வழக்கு கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் சிக்கல்தான். இந்த மாதிரி நேரங்களில் பயண நேரத்தை எப்படிக் கணக்குப் போடுவது? விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல இந்த ரோட்டைத் தெரிஞ்சுக்கலாம்

திருமங்கலத்தில் தொடங்கி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கேரளாவின் கொல்லம் வரை போகிறது தேசிய நெடுஞ்சாலை 744. கிருஷ்ணன்கோவிலில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கி.மீ. அங்கிருந்து ராஜபாளையம் மேலும் சுமார் 12 கி.மீ. மொத்தம் 24 கி.மீ.

கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருப்பதால் காலையிலும் மாலையிலும் கல்லூரி பஸ்கள் வரிசையாக ஓடும். வத்திராயிருப்புக்குப் பிரியும் ரோடும் இங்கேதான். நெல்லும் தேங்காயும் ஏற்றிய டிராக்டர்கள், ராஜபாளையத்தின் மில் வண்டிகள், கேரளா போகும் லாரிகள், மதுரை பஸ்கள் எல்லாமே இந்த ரோட்டில்தான். அதனால்தான் ஒரே 24 கி.மீ., ஒரு நாள் அரை மணி நேரத்தில் முடியும். இன்னொரு நாள் ஒரு மணி நேரத்தையும் விழுங்கும்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதாதா?

பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு அதுதான். 24 கி.மீ. தூரம், 60 கி.மீ. வேகம் என்றால் 24 நிமிஷம். ஆனால் இந்தக் கணக்கு, வண்டி ஒரு நொடிகூட நிற்காமல் ஓடும் என்று நினைத்துக்கொள்கிறது.

உண்மையில் பயண நேரம் என்பது 2 துண்டு. ஒன்று, வண்டி ஓடும் நேரம். இன்னொன்று, வண்டி நிற்கும் நேரம். கிருஷ்ணன்கோவிலுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ரோடு காலியாக இருந்தால் ஓடும் நேரம் தினமும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறிக்கொண்டே இருப்பது நிற்கும் நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள் நுழையும்போது, ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பும்போது எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதுதான் அன்றைய பயணத்தை முடிவு செய்கிறது.

அதனால் கணக்குப் போடும்போது "எத்தனை கி.மீ.?" என்பதோடு "எத்தனை இடத்துல நிக்கணும்?" என்றும் கேளுங்க.

ஒரு டிராக்டர், எத்தனை காருக்குச் சமம்?

சாலைப் பொறியாளர்கள் வண்டிகளை வெறும் எண்ணிக்கையாக எண்ணுவதில்லை. ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமமாக ரோட்டை அடைக்கிறது என்று பார்க்கிறார்கள். இந்திய சாலை காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) கிராமப்புறச் சாலைகளுக்காக 1990-ல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள கணக்கு இது:

- பைக், ஸ்கூட்டர்: 0.5 கார்
- ஆட்டோ: 1 கார்
- பஸ், லாரி: 3 கார்
- டிரெய்லர் கட்டிய டிராக்டர்: 4.5 கார்
- மாட்டு வண்டி: 8 கார்

ஒரே ஒரு டிரெய்லர் டிராக்டர் 9 பைக்குகளுக்குச் சமம். ஓவர்டேக் பண்ண எதிரில் இடம் கிடைக்காத இருவழிச் சாலையில் அதன் பின்னால் மாட்டிக்கொண்டால், நம்ம வண்டியின் வேகம் நம்ம கையில் இல்லை. டிராக்டரின் வேகம்தான் நம்ம வேகம். அறுவடைக் காலத்தில் வத்திராயிருப்பு ரோட்டில் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

8.15-க்கு கிளம்பினா ஈஸி, 8.40-க்கு கிளம்பினா அவ்வளவுதான்... ஏன்?

வண்டிகள் 2 மடங்கானால் நேரமும் 2 மடங்காகும் என்று நினைப்போம். அப்படி நடப்பதில்லை. 1964-ல் அமெரிக்காவின் பொதுச் சாலைகள் துறை ஒரு சூத்திரத்தை வெளியிட்டது. இன்றும் உலகம் முழுக்கப் போக்குவரத்துத் திட்டமிடலில் அது பயன்படுகிறது. காலி ரோட்டில் 20 நிமிஷம் ஆகும் பயணத்துக்கு அந்தச் சூத்திரம் சொல்லும் கணக்கைப் பாருங்க:

- ரோடு தாங்கக்கூடிய அளவில் பாதி வண்டிகள் இருந்தால்: 20 நிமிஷம் சொச்சம். வித்தியாசமே தெரியாது.
- தாங்கும் அளவுக்குச் சரியாக வண்டிகள் இருந்தால்: 23 நிமிஷம்.
- தாங்கும் அளவைவிட ஒன்றரை மடங்கு வந்தால்: சுமார் 35 நிமிஷம்.

இது அங்குள்ள சாலைகளை வைத்துப் போட்ட கணக்கு. நம்ம ஊர் ரோட்டில் நிமிஷங்கள் மாறலாம். ஆனால் போக்கு ஒன்றுதான். பாத்திரத்தில் தண்ணீர் விளிம்பு வரை வரும்வரை ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் ஒரு டம்ளர் ஊற்றினாலும் வழிந்துவிடும். பள்ளி வேன், கல்லூரி பஸ், அலுவலகம் போகிறவர்கள், மில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் ஒரே அரை மணி நேரத்தில் ரோட்டுக்கு வரும்போது அதுதான் நடக்கிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கு. கூட்டம் விளிம்பைத் தொடும் முன் 15 அல்லது 20 நிமிஷம் முன்னதாகக் கிளம்பினாலே, பயண நேரமும் சேர்ந்து குறையும்.

கூகுள் மேப்புக்கு எப்படித் தெரியுது?

வானத்திலிருந்து யாரும் பார்த்துச் சொல்வதில்லை. ரோட்டில் போகிறவர்களின் போன்கள்தான் சொல்கின்றன. லொகேஷன் ஆன் செய்த போன்கள் எந்த வேகத்தில் நகர்கின்றன என்ற தகவலை, யாருடையது என்ற அடையாளம் இல்லாமல் திரட்டி, ரோடு பச்சையா சிவப்பா என்று கூகுள் முடிவு செய்கிறது. 2009-ல் இருந்தே இந்த முறை இருக்கிறது. இதோடு, இதே ரோட்டில், இதே கிழமையில், இதே நேரத்தில் முன்பு எப்படி இருந்தது என்ற பழைய தகவலையும் சேர்த்து, அடுத்த அரை மணி நேரத்தில் என்ன ஆகும் என்று கணிக்கிறது.

97 சதவீதத்துக்கும் அதிகமான பயணங்களில் தங்கள் கணிப்பு துல்லியமாக இருந்ததாக 2020-ல் கூகுள் தெரிவித்தது. அதே ஆண்டு பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் ஒரு வேலை செய்தார். 99 போன்களை ஒரு சின்ன கைவண்டியில் போட்டு, காலியான தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். மேப்பில் அந்தத் தெரு சிவப்பானது! போன்கள் மெதுவாக நகர்ந்தால், மேப்பின் கணக்கில் அது டிராபிக் ஜாம்.

அப்போ மேப் எங்கெல்லாம் தப்பும்?

*ஒன்று: பஸ்ஸில் போகிறவருக்கு.* மேப் பெரும்பாலும் முதலில் காட்டுவது கார் நேரம். அதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினால் கணக்கு உதைக்கும். பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரம், ஸ்டாப்பிங்குகள், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் போய் ஆள் ஏற்றி வெளியே வரும் நேரம் எதுவும் அதில் இல்லை. பைக்கில் போகிறவர்கள் டூ வீலர் ஆப்ஷனைத் தேர்வு செய்யுங்க. 2017 டிசம்பரில் உலகிலேயே முதலில் இந்தியாவில்தான் அந்த வசதி வந்தது.

*இரண்டு: வண்டிகள் குறைவான ரோட்டில்.* சென்னை அண்ணா சாலையில் எந்நேரமும் ஆயிரக்கணக்கான போன்கள் நகரும். கிருஷ்ணன்கோவிலில் இருந்து உள்ளே போகும் கிராமத்து ரோட்டில் அப்படி இல்லை. அங்கே நேரடித் தகவல் குறைவாக இருக்கும்போது பழைய தகவலையே அதிகம் நம்ப வேண்டியிருக்கும்.

*மூன்று: திடீர் மாற்றத்தில்.* ரயில்வே கேட் இப்போதுதான் மூடியது, நான்குவழிச் சாலைப் பணிக்காக இன்று காலைதான் வண்டிகளை மாற்றி விட்டார்கள் என்றால், மேப்புக்கு அது தெரியக் கொஞ்ச நேரம் ஆகும்.

*நான்கு: பார்க்கிற நேரத்தில்.* ராத்திரி 10 மணிக்குப் படுத்துக்கொண்டு மேப் பார்த்தால், அது காட்டுவது ராத்திரி 10 மணி ரோடு. நாளைக் காலை 8.30 மணி ரோடு அல்ல. கிளம்பும் நேரத்தையோ, போய்ச் சேர வேண்டிய நேரத்தையோ செட் பண்ணிப் பார்க்கும் வசதி மேப்பிலேயே இருக்கு. அதைப் பயன்படுத்துங்க.

பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

10 நிமிஷத்துக்கு ஒரு பஸ் சரியாக வந்தால், சராசரியாக 5 நிமிஷம் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் நம்ம அனுபவம் என்ன? அரை மணி நேரம் ஒன்றுமே வராது. வந்தால் ஒன்றன்பின் ஒன்றாக 2 பஸ் வரும்.

அப்படி 20 நிமிஷத்துக்கு ஒருமுறை 2 பஸ் ஒட்டிக்கொண்டு வந்தால், பஸ்ஸின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் சராசரிக் காத்திருப்பு 10 நிமிஷமாகிவிடும். காரணம் எளிது. முன்னால் போகும் பஸ் லேட்டாக ஆக, ஸ்டாப்பிங்கில் ஆள் கூடும். எல்லாரையும் ஏற்ற இன்னும் லேட்டாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆள் இருக்காது, அது வேகமாக வந்து முன் பஸ்ஸைப் பிடித்துவிடும்.

அதனால் "10 நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கு" என்று கேள்விப்பட்டால், கணக்கில் 10 நிமிஷத்தை முழுசாகவே வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு விஷயம். பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸும், எல்லா ஸ்டாப்பிங்கிலும் நிற்கும் டவுன் பஸ்ஸும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. நீங்க வழக்கமாக ஏறுவது எது என்று பார்த்துக் கணக்குப் போடுங்க.

இந்த ரோட்டுக்கு ஒரு காலண்டர் இருக்கு!

வெளியூர்க்காரர் மேப்பை மட்டும் பார்ப்பார். இந்தப் பகுதிக்காரர் காலண்டரையும் பார்க்க வேண்டும்.

- அமாவாசை, பௌர்ணமி: சதுரகிரி போகும் பக்தர்கள் வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்குச் செல்வதால், கிருஷ்ணன்கோவில் பிரிவில் வண்டிகள் கூடும். ஆடி அமாவாசைக்குச் சொல்லவே வேண்டாம்.
- ஆடிப்பூரம்: ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேரோட்டம். ஊருக்குள் போகும் வழியே மாறும். அன்றைக்கு வழக்கமான கணக்கு எதுவும் செல்லாது.
- புரட்டாசி சனிக்கிழமை: ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே உள்ள திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் வரும்.
- குற்றாலம் சீசன்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குறிப்பாக சனி, ஞாயிறுகளில் மதுரைப் பக்கத்து வண்டிகள் இந்த வழியில் குற்றாலம் போகும்.
- சபரிமலை சீசன்: கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டை வழியாகச் செல்லும் ஐயப்ப பக்தர்களின் வேன், பஸ்கள்.
- முகூர்த்த நாள்: ரோட்டோரக் கல்யாண மண்டபங்களின் முன்னால் வண்டிகள் நிற்கும்.

"போன வாரம் 35 நிமிஷத்துல போனேனே?"

நாம் எப்போதும் நேரத்தைக் குறைவாகவே மதிப்பிடுகிறோம். இதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். திட்டம் போடும்போது எல்லாம் சரியாக நடக்கும் ஒரு நாளை மட்டுமே மனம் கற்பனை செய்துகொள்கிறது.

1994-ல் வெளியான ஓர் ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். ரோட்டிலும் இதே கதைதான். பயணம் சீக்கிரம் முடிந்த நாள் நினைவில் நிற்கும். மாட்டிக்கொண்ட நாளை "அன்னைக்கு ஏதோ ஜாம்" என்று தள்ளிவிடுவோம். ஆனால் அந்த ஜாமும் கணக்கில் சேர வேண்டியதுதான்.

சரி, எப்படித்தான் கணக்குப் போடுறது?

பெரிய வேலை இல்லை. தினமும் போகும் வழியாக இருந்தால், வீட்டு வாசலில் இருந்து போய்ச் சேரும் இடத்தின் வாசல் வரை ஆன நேரத்தை 10 நாள் போனில் குறித்து வையுங்க. பஸ்ஸில் ஏறிய நேரத்தில் இருந்து அல்ல, வீட்டில் இருந்து கிளம்பிய நேரத்தில் இருந்து.

உதாரணத்துக்கு ஒருவரின் 10 நாள் கணக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (நிமிஷத்தில்):

38, 40, 41, 41, 42, 43, 44, 46, 55, 68

இதன் சராசரி சுமார் 46. சராசரிதானே என்று 46 நிமிஷம் முன்னால் கிளம்பினால், 10 நாளில் 2 நாள் லேட். கல்லூரியாக இருந்தால் சமாளிக்கலாம். தேர்வாக இருந்தால்?

அதனால் போகிற காரியத்தைப் பொறுத்து எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்:

- லேட்டானாலும் பாதகமில்லை (நண்பர் வீடு, கடை): நடுவில் இருக்கும் எண். இங்கே 42 அல்லது 43.
- லேட்டானால் திட்டு விழும் (வேலை, கல்லூரி): இரண்டாவது மோசமான நாள். இங்கே 55.
- லேட்டானால் வாய்ப்பே போய்விடும் (தேர்வு, ரயில், நேர்காணல், கோர்ட்): மிக மோசமான நாள், அதோடு இன்னும் கொஞ்சம். இங்கே 68-க்கு மேல் 15 அல்லது 20 நிமிஷம்.

அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையும் இதே மாதிரிதான் கணக்குப் போடச் சொல்கிறது. 20 வேலை நாளில் 19 நாள் சரியான நேரத்துக்குப் போக எவ்வளவு நேரம் வேண்டுமோ, அதுதான் திட்டமிட வேண்டிய நேரம். அதாவது மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் லேட்டாகலாம்.

முதல்முறை போகும் இடமா? தேர்வுக்கு முன் ஒருநாள், அதே நேரத்தில், அதே பஸ்ஸில் ஒருமுறை போய்ப் பாருங்க. முடியாவிட்டால், அந்த வழியில் தினமும் போகும் ஒருவரிடம் கேளுங்க. "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால் நல்ல நாளைத்தான் சொல்வார். "அதிகபட்சமா எவ்வளவு நேரம் ஆகியிருக்கு?" என்று கேளுங்க. உங்களுக்குத் தேவையான பதில் அதில்தான் கிடைக்கும்.

லேட்டாயிடுச்சு... வேகமா ஓட்டிப் பிடிச்சுடலாமா?

இதுதான் முக்கியமான கேள்வி. கணக்கையே பார்த்துவிடலாம். கிருஷ்ணன்கோவிலுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே 12 கி.மீ.

- 60 கி.மீ. வேகத்தில்: 12 நிமிஷம்
- 80 கி.மீ. வேகத்தில்: 9 நிமிஷம்
- 100 கி.மீ. வேகத்தில்: 7 நிமிஷம் 12 நொடி

60-ல் இருந்து 80-க்குப் போனால் கிடைப்பது வெறும் 3 நிமிஷம். அதுவும் வழியில் ஒரு இடத்திலும் வேகம் குறைக்காமல் போனால் மட்டுமே. 80-ல் இருந்து 100-க்குப் போனால் 2 நிமிஷம்கூடக் கிடைக்காது. ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பஸ் திரும்பினால், மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விடும்.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும். 60-ஐவிட 80-ல் அந்தத் தூரம் சுமார் 78 சதவீதம் அதிகம். டிராக்டரும், கல்லூரி மாணவர்களும், ரோட்டைக் கடக்கும் ஆடு மாடும் இருக்கும் சாலையில் 3 நிமிஷத்துக்காக அந்த ரிஸ்க் தேவையா?

ஏற்கெனவே லேட் என்றால், அதை ரோட்டில் சரிக்கட்ட முடியாது. வண்டியை ஓரமாக நிறுத்தி, "20 நிமிஷம் தாமதமாகும்" என்று ஒரு போன் பண்ணிச் சொல்வதுதான் சரி. லைவ் லொகேஷன் அனுப்பிவிட்டால் "எங்க இருக்க?" என்ற கேள்வியும் வராது. மருத்துவ அவசரம் என்றால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்க.

கிளம்பும் முன் 5 கேள்வி

1. இன்னைக்கு என்ன நாள்? அமாவாசையா, முகூர்த்தமா, திருவிழாவா?
2. மேப்பில் பார்த்தது நான் போகும் நேரத்துக்கா? நான் போகும் வண்டிக்கா?
3. பஸ் என்றால், காத்திருக்கும் நேரத்தையும் இறங்கி நடக்கும் நேரத்தையும் சேர்த்தாச்சா?
4. இந்த வழியில் இதுவரை அதிகபட்சமா எவ்வளவு நேரம் ஆகியிருக்கு?
5. லேட்டானால் என்ன போகும்? திட்டு மட்டுமா, இல்லை ஒரு வருஷமா?

ஐந்தாவது கேள்விக்கான பதில் "ஒரு வருஷம்" என்றால், முதல் பஸ்ஸுக்கே கிளம்பிடுங்க. தேர்வு மையத்து வாசலில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதால் எந்த நஷ்டமும் இல்லை.